பழைய ஹாலோவீன் பையில் என்ன போட வேண்டும், கேண்டி கார்னுக்கு ஏன் இத்தனை சண்டை?

கேள்வி இதுதான்: நியூஜெர்சியில் ஓர் அலுவலகம். அக்டோபர் கடைசியில் 'எழுபது, எண்பதுகளின் ஹாலோவீன்' என்று மதிய விருந்து வைக்கிறார்கள். (ஹாலோவீன் என்பது அக்டோபர் 31 அன்று குழந்தைகள் வேஷம் போட்டு, வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் பண்டிகை.) 25 பேருக்குப் பழைய பாணி மிட்டாய்ப் பை தயாரிக்கும் வேலை, அந்த ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் தலையில் விழுந்திருக்கிறது. "என்ன வாங்குவது? கேண்டி கார்ன் மிட்டாய் என்று சொன்னாலே கூட வேலை செய்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்களே, ஏன்? நாலைந்து பேர் சைவம், அவர்களுக்கு எது ஆகும்?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல மிட்டாயாகப் பார்த்து வாங்கினால் உங்கள் பை தோற்றுவிடும். ஸ்னிக்கர்ஸும் ரீஸஸ் கப்பும் இன்றைக்கும் மூலைக்கடையில் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து யாருக்கும் எட்டு வயது திரும்பி வராது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அமெரிக்கர் பைக்குள் கையை விட்டு, ஒன்றை வெளியே எடுத்து, "ஐயோ, இதுவா!" என்று அலற வேண்டும். அந்த அலறலைக் கிளப்புவது அந்தக் காலத்தில் எல்லோரும் வெறுத்த மிட்டாய்தான். அதனால் ஐந்து மோசமானதுக்கு ஒரு நல்லது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய பைகளிலும் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான்.

வெறுப்புப் பட்டியலில் முதலிடம் கறுப்புத் தாளிலும் ஆரஞ்சுத் தாளிலும் சுற்றிய பீனட் பட்டர் கிஸ்ஸுக்கு. தாளில் கம்பெனி பெயர் இருக்காது, படம் இருக்காது. உள்ளே கரும்புப்பாகின் கசண்டான மொலாசஸில் செய்த ஜவ்வு மிட்டாய், நடுவில் துளி நிலக்கடலை வெண்ணெய். ருசி உண்மையில் மோசமில்லை, தொல்லை முழுக்கத் தாளில்தான். மெழுகுத் தாள் மிட்டாயோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் கிழியும், கடைசியில் குழந்தை பாதி மிட்டாயும் பாதி தாளுமாகத் தின்னும். இதற்கு வழி உண்டு: பிரிக்கும் முன் ஃப்ரீஸரில் 10–15 நிமிடம் வையுங்கள். ஜவ்வு இறுகிவிடுவதால் தாள் சுத்தமாகக் கழன்று வரும். அப்புறம் வாயில் போட்டு ஒரு நிமிடம் பொறுமையாக இருக்க வேண்டும், உடனே கடித்தால் பல்லில் கட்டிய ஃபில்லிங் போய்விடும்.

அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மேரி ஜேன். மஞ்சள் தாள், சிவப்புக் கோடு, ஒரு சிறுமியின் படம். 1914-இல் பாஸ்டனில் பிறந்தது. இதுவும் மொலாசஸும் நிலக்கடலையும்தான். பிற்காலத்தில் நெக்கோ கம்பெனி இதைத் தயாரித்தது. நெக்கோ என்றதும் நினைவுக்கு வருவது நெக்கோ வேஃபர்: 1847 முதல் வரும், சாக்பீஸ் போல் பொடிப்பொடியாக உடையும் வட்ட வில்லைகள். எட்டு ருசி, அதில் ஒன்று கிராம்பு. கிராம்பு வாசம் அடிக்கும் மிட்டாயை எந்த அமெரிக்கக் குழந்தையும் விரும்பித் தின்றதாகத் தெரியவில்லை. ஆனால் 2018-இல் கம்பெனி மூடப்போகிறது என்று செய்தி வந்ததும் வேடிக்கை ஆரம்பித்தது. எத்தனையோ வருடமாக அதைத் தொடாதவர்களெல்லாம் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவித்தார்கள். ஒரு பெண் கையிருப்புச் சரக்குக்குப் பதிலாகத் தன் பழைய காரையே தருவதாகச் சொன்னார். அந்த வருடக் கோடையில் ஆலை மூடியது. 2020-இல் ஸ்பாங்லர் கம்பெனி அதே வேஃபரை மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. மேரி ஜேனும் வேறு கை மாறித் திரும்பிவிட்டது. இரண்டும் கிடைக்கும், ஆனால் மூலைக்கடையில் தேடாதீர்கள். பழைய மிட்டாய் விற்கும் இணையக் கடைகளில் அக்டோபர் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

இனி கேண்டி கார்ன். மக்காச்சோள மணி வடிவம், அடியில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, நுனியில் வெள்ளை. 1880-களில் ஃபிலடெல்ஃபியாவின் உண்டர்லி கம்பெனியில் வேலை செய்த ஜார்ஜ் ரெனிங்கர் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். பிறகு கோலிட்ஸ் குடும்பத்தார் எடுத்துப் பெரிய அளவில் செய்தார்கள். இன்றைய ஜெல்லி பெல்லி கம்பெனி அவர்கள் வழி வந்ததுதான். ஆரம்பத்தில் இதன் பெயர் 'சிக்கன் ஃபீட்', அதாவது கோழித்தீவனம். பெட்டியில் சேவல் படம். அப்போது இதற்கும் ஹாலோவீனுக்கும் சம்பந்தமே கிடையாது. மக்காச்சோளம் அறுவடையாகும் இலையுதிர் காலத்தில் விற்பனை சூடுபிடித்து, அப்படியே அக்டோபரோடு ஒட்டிக்கொண்டது.

செய்முறை சுவாரசியமானது. சர்க்கரை, கார்ன் சிரப் (மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு) இரண்டையும் காய்ச்சி, பதம் சேர்ந்த கூழாக்குவார்கள். தட்டில் சோளமாவைப் பரப்பி அதில் மணி வடிவக் குழிகளை அழுத்தி வைத்திருப்பார்கள். குழியின் கூர்முனை கீழே இருப்பதால் வெள்ளை முதலில், மேலே ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள். ஆரம்ப காலத்தில் இத்தனையும் கையால்தான்: கனத்த வாளியில் சூடான கூழைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கமாக நடந்தபடியே குழி குழியாக ஊற்ற வேண்டும், அதுவும் மூன்று தடவை. முந்தைய நிறம் முழுக்க இறுகுவதற்குள் அடுத்தது விழுந்தால்தான் மூன்றும் ஒன்றாகப் பிடிக்கும். தாமதமானால் மணி நிறத்துக்கு நிறம் முறிந்துவிடும். ஊற்றி முடித்து ஏறக்குறைய ஒரு நாள் காயவிட்டால் சோளமாவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மாவைச் சலித்து, மேலே பளபளப்புப் பூசுவார்கள்.

அந்தப் பளபளப்பு என்ன தெரியுமா? நம் அரக்குதான். பொட்டலத்தில் 'கன்ஃபெக்‌ஷனர்ஸ் கிளேஸ்' என்று நாசூக்காக அச்சிட்டிருப்பார்கள். அரக்குப் பூச்சி மரக்கிளையில் விட்டுச்செல்லும் பிசினைச் சுத்திகரித்து எடுப்பது. துரியோதனன் மாளிகை கட்டினான், அமெரிக்கர்கள் மிட்டாயில் பூசுகிறார்கள். போதாததற்கு உள்ளே மாட்டின், பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் வேறு. ஆக சைவக்காரர்களுக்கு கேண்டி கார்ன் ஆகாது.

சண்டைக்குக் காரணம் ருசியைவிட அமைப்புதான். சாக்லேட்டும் இல்லை, ஜவ்வும் இல்லை, கெட்டி மிட்டாயும் இல்லை. வெண்ணிலா வாசம் அடிக்கும் சர்க்கரை மெழுகு. மூன்று நிறத்துக்கும் ஒரே ருசி என்பது வளர்ந்த பிறகு தெரியவரும்போது பலருக்கு ஏமாற்றம். இன்னொரு காரணம், அது தனித்தனியாகத் தாளில் சுற்றப்படாமல் வரும். கை நிறைய அள்ளிப் பைக்குள் போட்டுவிடுவார்கள். இரவு முடிவதற்குள் பையின் அடியில் நூல், பென்சில் சீவல், வேறு மிட்டாயின் பொடி எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பிடிக்காதவர்களுக்கு நினைவில் இருப்பது பெரும்பாலும் அந்த அடி மணிகள்தான்.

கடித்துத் தின்னும் வரிசையிலும் கட்சி உண்டு. வெள்ளை நுனியிலிருந்து தொடங்குபவர்கள், மஞ்சள் அடியிலிருந்து தொடங்குபவர்கள், மொத்தமாக வாயில் கொட்டுபவர்கள். விருந்தில் பேச்சு தொய்ந்தால் இதைக் கிளப்பிவிடுங்கள், அரை மணி நேரம் ஓடும்.

அந்தக் காலப் பையில் ஏன் இத்தனை சிறு மிட்டாய்கள் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்கும் வழக்கம் 1930-களில்தான் அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. அதற்கு முன் அந்த இரவு என்றால் குறும்பு மட்டும்தான்: வாசல் கேட்டைக் கழற்றிப் போவது, கொல்லைக் கழிப்பறையைக் குப்புறத் தள்ளுவது. 'எதாவது கொடுத்துவிடுகிறோம், எங்கள் கேட்டை விட்டுவிடு' என்ற சமாதான ஒப்பந்தம்தான் டிரிக்-ஆர்-டிரீட், அதாவது 'குறும்பா, பண்டமா?'. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது, 1947-இல் நீங்கியது. அதன் பிறகுதான் மிட்டாய்க் கம்பெனிகள் அக்டோபரைக் குறிவைத்து விளம்பரத்தில் இறங்கின. அப்போதும்கூட வீட்டில் செய்த குக்கீ, பாப்கார்ன் உருண்டை, ஆப்பிள், ஓட்டோடு வால்நட், ஒரு பென்னி (ஒரு சென்ட் காசு) என எல்லாம் கலந்துதான் வரும். 1950 முதல் யுனிசெஃபுக்காகக் குழந்தைகள் உண்டியல் டப்பாவும் தூக்கினார்கள். முதலில் வெறும் பால் அட்டைப்பெட்டி, பிறகு ஆரஞ்சு நிறப் பெட்டி.

வாசலில் நின்று மிட்டாய் கேட்கும் வார்த்தை ஊருக்கு ஊர் வேறு. டெட்ராய்ட்டில் ஒரு தலைமுறை 'ஹெல்ப் த புவர்' என்று கத்தியது. டொரோன்டோவில் 'ஷெல் அவுட்', மேற்குக் கனடாவில் 'ஹாலோவீன் ஆப்பிள்ஸ்'. அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் இன்னும் கறார்: அங்கே பெக்கர்ஸ் நைட் என்று பல காலம் அக்டோபர் 30-ஆம் தேதியே போனார்கள், குழந்தை முதலில் ஒரு ஜோக் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மிட்டாய். ஒரே கடி ஜோக்கை எழுபது தடவை கேட்டு எழுபது தடவையும் சிரிப்பது வீட்டுக்காரர் கடமை. உங்கள் விருந்தில் இதை வைக்கலாம். ஜோக் சொல்லாதவருக்குப் பை கிடையாது.

வீட்டுப் பண்டம் பையிலிருந்து காணாமல் போனது பயத்தால். 1960-களின் கடைசியில் ஆப்பிளுக்குள் பிளேடு என்று செய்தி பரவியது. 1974-இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் விஷம் கலந்த மிட்டாய்ப் பொடி தின்று இறந்தான். கொடுத்தது முன்பின் தெரியாதவர் இல்லை, இன்சூரன்ஸ் பணத்துக்காகச் சொந்தத் தகப்பன். 1982-இல் சிகாகோவில் டைலெனால் என்ற வலி மாத்திரையில் சயனைடு. அந்த அக்டோபரிலிருந்து பெற்றோர்கள் விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் சோதித்தார்கள். மிட்டாய்ப் பையை இலவசமாக எக்ஸ்-ரே எடுத்துக்கொடுத்த ஆஸ்பத்திரிகளும் உண்டு. டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளையெல்லாம் அலசிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் ஹாலோவீன் மிட்டாயில் விஷம் வைத்துக் குழந்தையைக் கொன்றதற்கோ கடுமையாகக் காயப்படுத்தியதற்கோ உறுதியான சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. சோதனை மட்டும் நிற்கவில்லை. 'விஷம் இருக்கிறதா பார்க்கிறேன்' என்று அப்பா ரீஸஸாகப் பார்த்துப் பொறுக்கித் தின்னும் வழக்கமும் சேர்ந்து நிலைத்துவிட்டது.

கம்பெனித் தாளில் சுற்றியதே பத்திரம் என்றானதும் ஜெயித்தது ஃபன் சைஸ். மார்ஸ் கம்பெனி 1960-களிலேயே அந்தப் பெயரில் குட்டி மிட்டாய் விற்கத் தொடங்கியிருந்தது. ஒரு முழு ஸ்னிக்கர்ஸ் 52.7 கிராம், ஃபன் சைஸ் சுமார் 17 கிராம். மூன்று தின்றால்தான் ஒன்று தின்ற கணக்கு. இதில் ஃபன் யாருக்கு என்பதைக் குழந்தைகள் அன்றே கேட்டார்கள். முழு அளவு கொடுக்கும் வீட்டின் முகவரி அரை மணியில் தெரு முழுக்கப் பரவிவிடும். தொப்பியை மாற்றிக்கொண்டு இரண்டாம் தடவை வருவார்கள்.

உங்கள் விருந்தில் எல்லோரும் பெரியவர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அதனால் பாப்கார்ன் உருண்டையைத் தயங்காமல் செய்யலாம். நம் கார்த்திகைப் பொரி உருண்டை செய்த கைக்கு இது புதிதே இல்லை. 10–12 உருண்டைக்கு: மக்காச்சோளம் 100 கிராம், சர்க்கரை 200 கிராம், கார்ன் சிரப் 80 மில்லி, தண்ணீர் 80 மில்லி, வெண்ணெய் 55 கிராம், உப்பு முக்கால் டீஸ்பூன், வெண்ணிலா ஒரு டீஸ்பூன்.

சோளத்தைப் பொரித்து அகலப் பாத்திரத்தில் கொட்டிக் குலுக்குங்கள். பொரியாத மணிகள் அடியில் தங்கும், மேலோடு பொரியை மட்டும் அள்ளிக்கொள்ளுங்கள். ஒரு மணி தப்பினாலும் யாரோ ஒருவர் பல் மருத்துவரிடம் போவார். வெண்ணிலா தவிர மற்றதைச் சேர்த்துக் காய்ச்சி 121–124 டிகிரி செல்சியஸில் இறக்குங்கள். வெப்பமானி இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். வெண்ணிலா சேர்த்து, பொரியில் ஊற்றி, மரக்கரண்டியால் கிளறி, ஒரு நிமிடம் விட்டு, கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு பிடியுங்கள். அந்தப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அவசரம் வேண்டாம்.

கெட்டுப்போவது நாலு இடத்தில். பாகு 115-க்குக் கீழே இறக்கினால் மறுநாள் உருண்டை சரிந்து பிசுபிசுக்கும். 135-ஐத் தாண்டினால் பிடிப்பதற்குள் கண்ணாடியாக இறுகும். கார்ன் சிரப்பைக் குறைத்தால் பாகு பூத்துப்போய் மணல் மாதிரி நறநறக்கும், சர்க்கரை மறுபடி படிகமாகாமல் தடுப்பதே அதன் வேலை. சூடு ஆறும் முன் செலோஃபேனில் கட்டினால் உள்ளே வியர்த்து நமுத்துவிடும். பந்து வீசப்போகிறவர் மாதிரி இறுக்கி அழுத்தவும் கூடாது. உருண்டை நிற்கும் அளவுக்கு மெதுவாகப் பிடித்தால் போதும். 25 பேருக்கு வேண்டுமென்றால் அளவை இரட்டிப்பாக்கி ஒரே பாத்திரத்தில் செய்யாதீர்கள், பாதி பிடிப்பதற்குள் மீதி இறுகும். தனித்தனியாக மூன்று தடவை செய்யுங்கள்.

வேஷம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விருந்தில் யாராவது பென் கூப்பர் கம்பெனியின் பழைய முகமூடியை மாட்டிக்கொண்டு வருவார். செலோஃபேன் ஜன்னல் வைத்த அட்டைப்பெட்டியில் மெல்லிய பிளாஸ்டிக் முகமும், முதுகில் கட்டும் வினைல் அங்கியும் வரும். அங்கியின் வேடிக்கை என்னவென்றால், நெஞ்சில் அந்தப் பாத்திரத்தின் படமும் பெயருமே அச்சாகியிருக்கும். 'ஸ்டார் வார்ஸ்' பட வில்லன் டார்த் வேடர் தன் படம் போட்ட சட்டையைத் தானே போட்டுக்கொண்டு வருவார். முகமூடியில் மூக்குக்கு இரண்டு துளை, வாய்க்கு ஒரு கீறல். ஐந்து நிமிடத்தில் உள்ளே மூச்சு வியர்த்து வழியும். எலாஸ்டிக் நூலைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்டேப்ளர் பின்தான், மூன்றாம் வீட்டுக்குள் ஒன்று பிய்ந்துவிடும். பழைய முகமூடி கையில் கிடைத்தால் அந்த ஓரத்தில் உட்பக்கம் துணி டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்துத் துளையிட்டு நூலை முடிச்சுப் போடுங்கள். அமெரிக்காவின் வடமாநிலக் குழந்தைகளுக்கு இன்னொரு அவமானமும் உண்டு: வேஷத்துக்கு மேல் அம்மா மாட்டிவிடும் குளிர்க்கோட்டு. மினசோட்டாவில் 1991 ஹாலோவீன் அன்று தொடங்கிய பனிப்புயல் மினியாபொலிஸில் 28 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. அந்த வயதுக்காரர் யாராவது உங்கள் அலுவலகத்தில் இருந்தால் கேளுங்கள், நிறுத்த மாட்டார்.

எண்பதுகளில் வளர்ந்தவர்கள் "அப்போதெல்லாம் இருட்டில் போவோம்" என்று சொல்வதும் வெறும் பீற்றல் இல்லை. அன்று கோடை நேரக் கணக்கு, அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் வழக்கம், அக்டோபர் கடைசி ஞாயிறோடு முடிந்துவிடும். அக்டோபர் 31 அன்று சிகாகோவில் மாலை 4:45 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். 2007 முதல் அது நவம்பர் முதல் ஞாயிறுக்குத் தள்ளிப்போனதால் இப்போது 5:45. மிட்டாய்க் கம்பெனிகள் 1985-இலேயே செனட்டர்கள் நாற்காலியில் மிட்டாய்ப் பூசணி வைத்து இந்த நீட்டிப்பைக் கேட்டதாக ஒரு கதை உலவுகிறது, கம்பெனிக்காரர்கள் மறுக்கிறார்கள். விளக்கு எரியும் வாசலுக்குப் போகலாம், அணைந்த வாசலை விட்டுவிட வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

சரி, பை. பழுப்பு நிற மதிய உணவுக் காகிதப் பை 25 வாங்குங்கள். அன்று குழந்தைகள் தூக்கிப்போன தலையணை உறைதான் அசல், ஆனால் 25 உறைக்கு எங்கே போவது. ஒவ்வொன்றிலும் டூட்ஸி ரோல் (சாக்லேட் ருசி ஜவ்வு மிட்டாய்) குட்டி 3, ஸ்மார்ட்டீஸ் (சர்க்கரை வில்லைகள்) சுருள் 2, டம் டம்ஸ் குச்சி மிட்டாய் 2, பீனட் பட்டர் கிஸ் 2, மேரி ஜேன் 1, நெக்கோ வேஃபர் ஒரு குட்டிச் சுருள், சிறு உறையில் கேண்டி கார்ன் 20 மணி, 14 கிராம் உலர் திராட்சைப் பெட்டி ஒன்று, ஒரு பென்னி. ஃபன் சைஸ் சாக்லேட் ஒன்றே ஒன்று. ஐந்து பையில் மட்டும் பல் துலக்கும் பிரஷ் போடுங்கள். அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு பல் மருத்துவர் வீடு இருந்தது, பிரஷ் கிடைத்தவர் முகத்தைப் பார்க்கவே விருந்து வைக்கலாம்.

டம் டம்ஸில் 'மிஸ்டரி' என்று கேள்விக்குறி போட்ட குச்சி மிட்டாய் வரும். ஆலையில் ஒரு ருசி முடிந்து அடுத்த ருசி தொடங்கும்போது இயந்திரத்தை நிறுத்திக் கழுவாமல், இரண்டும் கலந்து வருவதைத் தனித் தாளில் சுற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான் ரகசியம். டூட்ஸி பாப் என்ற குச்சி மிட்டாயைப் போட்டால் தாளைக் கவனிக்கச் சொல்லுங்கள். நட்சத்திரத்தை நோக்கி அம்பு விடும் சிறுவன் படம் இருந்தால் ஒன்று இலவசம் என்று தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். கம்பெனி அப்படி எதையும் அறிவித்ததில்லை, நம்பிக்கையும் குறையவில்லை.

சைவக்காரர்களுக்கு கேண்டி கார்ன், நெக்கோ வேஃபர், அமெரிக்க ஸ்டார்பர்ஸ்ட் ஜவ்வு மிட்டாய் மூன்றும் வேண்டாம், ஜெலட்டின் உண்டு. ஸ்மார்ட்டீஸ், டம் டம்ஸ், டூட்ஸி ரோல் மூன்றிலும் ஜெலட்டின் இல்லை. டூட்ஸி ரோலில் பால் மட்டும் உண்டு. கம்பெனிகள் சேர்மானத்தை மாற்றுவார்கள் என்பதால் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். நிலக்கடலை ஒவ்வாமை யாருக்காவது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு, அவர்கள் பையில் கிஸ்ஸும் மேரி ஜேனும் போடாமல் தனியாகக் கட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

கேண்டி கார்ன் எப்படியும் மிஞ்சும். உப்புப் போட்ட வறுத்த நிலக்கடலையைச் சம அளவு கலந்து, பேன்ட்ரியில் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். சேர்த்து மென்றால் நிலக்கடலையும் கேரமலும் சேர்ந்த பேடே மிட்டாயின் ருசி அப்படியே வரும். காலையில் "சே, இதை யார் தின்பார்கள்" என்று சொன்னவர்கள்தான் மூன்று மணிக்குக் கிண்ணத்தைக் காலி செய்வார்கள்.